வின் கணக்கைப் பார்த்து பிட்சர் எடுக்காதீர்கள்!

மார்ச் மாதம் வந்தால் போதும், அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் திடீரென்று பேஸ்பால் அணி முதலாளிகள் ஆகிவிடுவார்கள். எல்லாம் கற்பனையில்தான்! நிஜ வீரர்களை ஒரு லீக்கில் உள்ளவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது, பிறகு அந்த வீரர்கள் ஆறு மாதம் மைதானத்தில் செய்வதையெல்லாம் அவரவர் கணக்கில் சேர்த்துக்கொள்வது... இதுதான் ஃபேண்டஸி பேஸ்பால். டேனியல் ஓக்ரெண்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் 1980ல் நியூயார்க்கில் ஆரம்பித்த விளையாட்டு. அவர்கள் கூடிப் பேசிய ரெஸ்டாரண்ட்டின் பெயரை வைத்து ரொட்டிசெரி லீக் என்றே முதலில் பெயர்.

இதில் பேட்டர்களைத் தேர்ந்தெடுப்பது ஓரளவு சுலபம். பந்து வீசும் பிட்சர்களை எடுக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். காரணம் அதிர்ஷ்டம் மட்டுமல்ல, தப்பான எண்களைப் பார்ப்பதும்தான்.

வழக்கமான லீக்கில் பிட்சருக்கு ஐந்து கணக்குகள் உண்டு: வின், சேவ், ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ., விப். ஈ.ஆர்.ஏ. என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாகக் கொடுத்த ரன், ஃபீல்டர்களின் பிழையால் போன ரன்கள் நீங்கலாக. விப் என்றால் ஒரு இன்னிங்ஸுக்கு ஹிட்டும் வாக்குமாக எத்தனை பேரை பேஸுக்கு விட்டார் என்பது. (வாக்: நான்கு பந்து தப்பாகப் போட்டு பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது.)

முதலில் வின். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீச வேண்டும், அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசிவரை கைநழுவாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் பெயரில் ஒரு வின். இதில் பாதி வேலை அவருடையதே இல்லை! ரன் எடுப்பது அவர் அணியின் பேட்டர்கள். முன்னிலையைக் காப்பது அவருக்குப் பின்னால் வருகிற பிட்சர்கள்.

2018ல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 217 இன்னிங்ஸ் வீசி 269 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ஈ.ஆர்.ஏ. 1.70. வின் எத்தனை? வெறும் 10. தோல்வி 9. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கொடுத்தவர்கள் அந்த 10ஐப் பார்த்து ஏமாறவில்லை.

இதற்கு நேர்மாறாக பாஸ்டனின் ரிக் போர்செல்லோ. 2016ல் 22 வின், 4 தோல்வி, சை யங் விருதும் அவருக்கே. அடுத்த வருடம் 11 வின், 17 தோல்வி! ஒரே குளிர்காலத்தில் பந்து வீச மறந்துபோனாரா என்ன? ஸ்ட்ரைக்அவுட் 189லிருந்து 181, பெரிய மாற்றம் இல்லை. ஹோம் ரன் 23லிருந்து 38 ஆனது, அந்த அளவுக்கு மோசமாக வீசினார் என்பது உண்மைதான். ஆனால் 2016ல் எல்லா அணிகளையும் விட அதிக ரன் குவித்தது பாஸ்டன். அந்த 22ல் பேட்டர்களின் பங்கு நிறைய. 22ஐப் பார்த்து 2017ல் அவரை எடுத்தவர்கள் வாங்கியது போன வருட மழையை.

சரி, ஈ.ஆர்.ஏ.வையாவது நம்பலாமா? பாதிதான். வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் 2001ல் ஒரு கட்டுரை எழுதி பெரிய சண்டையைக் கிளப்பினார். பேட்டர் அடித்த பந்து மைதானத்துக்குள் விழுந்தால், அது ஹிட் ஆகுமா, ஃபீல்டர் கையில் சிக்குமா என்பதில் பிட்சருக்குப் பெரிய பங்கில்லை என்றார். எந்த பிட்சராக இருந்தாலும் பத்துக்கு மூன்று ஹிட் என்ற விகிதத்தை ஒட்டியே வந்து நிற்கும். பிற்கால ஆய்வுகள் இதைக் கொஞ்சம் திருத்தினாலும் அடிப்படை நிற்கிறது. கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவர் கேட்சை விட்டால் யாரும் பௌலரைத் திட்டுவதில்லையே!

பெட்ரோ மார்ட்டினெஸ் நல்ல உதாரணம். 1999ல் 313 ஸ்ட்ரைக்அவுட், 9 ஹோம் ரன், ஈ.ஆர்.ஏ. 2.07. 2000ல் ஸ்ட்ரைக்அவுட் 284 ஆகக் குறைந்தது, ஹோம் ரன் 17 ஆகக் கூடியது. ஆனாலும் ஈ.ஆர்.ஏ. 1.74க்கு இறங்கியது! காரணம், கொடுத்த ஹிட் 160லிருந்து 128 ஆனது. வீசியது கிட்டத்தட்ட அதே இன்னிங்ஸ்தான், பந்து விழுந்த இடம்தான் வேறு.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? ஃபீல்டர் தொடாத விஷயங்களை. சந்தித்த பேட்டர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஸ்ட்ரைக்அவுட், எத்தனை பேருக்கு வாக். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள். சமீப வருடங்களில் லீக் சராசரி சுமார் 22ம் 8ம், மிச்சம் 14. இருபதைத் தாண்டினால் முதல் வரிசை பிட்சர். 2018ல் டிகிராமுக்கு 26க்கு மேல்! கூடவே மைதானத்தையும் கவனிக்க வேண்டும். கொலராடோ அணியின் டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது, பந்து பறக்கும், வளைவதும் குறைவு. நல்ல பிட்சருக்கும் அங்கே அடி விழும்.

சேவ் இன்னும் மோசம். கடைசி இன்னிங்ஸை யாரிடம் கொடுப்பது என்பது மேனேஜரின் முடிவு. இரண்டு வாரம் சொதப்பினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். பதவிக்காக விலை கொடுப்பதை விடத் திறமைக்குக் கொடுப்பது மேல்.

"லீக்கில் வின்னுக்கும் பாயிண்ட் இருக்கிறதே, எப்படி விடுவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பாயிண்ட் கிடைப்பது வரப்போகிற வின்னுக்கு, போன வருடத்து வின்னுக்கு அல்ல. நன்றாக வீசுபவர் நல்ல அணியில் இருந்தால் வின் தானாக வரும்.

எந்த எண்ணும் காட்டாத ஒன்றும் உண்டு: முழங்கை. டிகிராம் தொடங்கிய ஆட்டங்கள் 2021ல் 15, 2022ல் 11, 2023ல் 6, 2024ல் 3. நலமாக இருக்கும் பிட்சர் வருடத்துக்கு முப்பது ஆட்டம் தொடங்குவார். 2023ல் 281 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், 2024ல் இரண்டே ஆட்டங்களோடு அறுவை சிகிச்சைக்குப் போனார். முதல் சுற்றில் அவரை எடுத்தவர்களின் சீசன் ஏப்ரலிலேயே ஆட்டம் கண்டது. ஆகவே முதல் சுற்றுகளில் பேட்டர்கள், நடுச் சுற்றுகளில் கழித்தல் கணக்கில் தேறிய நாலைந்து பிட்சர்கள். ஒரே கையை நம்பி ஆறு மாதத்தை அடகு வைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

அந்தக் கை நிஜமான ஒரு மனிதனுடையது என்பதும் நினைவில் இருக்கட்டும். அவன் கையில் இல்லாததற்கு அவனைப் புகழ்வதும் தவறு, பழிப்பதும் தவறு. ஃபேண்டஸியில் அப்படிச் செய்தால் போவது ஒரு சீசன்தான். நிஜ அணி செய்தால் ஒருவனுடைய வேலையே போகும்.