அடிக்காத மணி

ஒரு மணி அடிக்கவில்லை. அதனால் ராஜ்யம் எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. ரயில் எதுவும் தடம் புரளவில்லை. என் தாயார் நாற்பது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த நாற்பது நிமிஷத்துக்காக ஒரு சண்டை போட்டே தீருவது என்று இருக்கிறேன். வாசகர்கள் மத்தியஸ்தம் செய்யட்டும்.

நான் கம்ப்யூட்டரில் எழுதுகிறவன். அதில் ஒரு சின்ன டைமர் செயலி வைத்திருந்தேன். இத்தனை நிமிஷம் என்று குறித்து ஒரு பொத்தானை அழுத்தினால், பெரிய கறுப்பு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். பூஜ்யம் வந்ததும் மணி அடிக்கும். நான் போய் நிறுத்துகிறவரை விடாமல் அடிக்கும். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. அம்மிக்கல்லை யாராவது அழகுக்காகவா வீட்டில் வைத்திருந்தார்கள்?

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை ஆப்பரேஷன் நடந்தது. இரண்டு விதமான சொட்டு மருந்து. ஒன்றை விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் மற்றதை விடவேண்டும்; இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் சொட்டை விட்டுவிட்டு, "மணி அடிக்கும் அம்மா, அதுவரைக்கும் கண்ணை மூடிட்டு இரு" என்று சொல்லி, பக்கத்து அறைக்கு வந்து ஐந்து நிமிஷம் குறித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அன்று காலையில்தான் அந்தச் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. கறுப்பு எண்கள் வெளிறிய சாம்பல் நிறமாகியிருந்தன. அதைக் கண்டேன்; பொருட்படுத்தவில்லை. மணி போய்விட்டது என்பதைத்தான் காணவில்லை. அடிக்காத மணியை எப்படிக் காண்பது? மணிக்குப் பதிலாகத் திரையின் மூலையில் ஒரு சீட்டு எட்டிப்பார்த்து, ஐந்து விநாடி நின்று, போய்விடுமாம். கதாநாயகியின் கல்யாணத்தை நிறுத்துவதில் மும்முரமாக இருந்த எனக்கு அந்தச் சீட்டு கண்ணில் படவில்லை.

நாற்பது நிமிஷம் கழித்து ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கிறார்கள்.

"ஏம்மா, என்னைக் கூப்பிடக் கூடாதா?"

"நீ எழுதிட்டிருந்தே. மணி அடிக்கும்னு சொன்னியேன்னு காத்திட்டிருந்தேன். அடிச்சுதான் இருக்கும், என் காதுலதான் விழலையோ என்னவோ."

கண்ணுக்கு ஒரு தீங்கும் வரவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என் நெஞ்சில் தைத்துவிட்டது. தவறு செய்தது ஒரு யந்திரம். பழியை ஏற்றுக்கொண்டவள் ஒரு கிழவி. டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க அறிஞர், அன்றாடச் சாமான்களின் அமைப்பைப் பற்றி 1988இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் விவரிக்கிறார்: சாமான் கோளாறாக அமைந்திருந்தாலும், அதைக் கையாளத் தெரியாத தன் மேல்தான் குற்றம் என்று மனிதர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அதற்கு உதாரணமாக வாழ்ந்து காட்டினார்கள்.

கோபத்தோடு அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு எழுதினேன். "உடனே பழைய மணியைத் திருப்பிக் கொடுங்கள்!" மரியாதையாகப் பதில் வந்தது. மணி இரைச்சலாக இருப்பதாகப் பலர் சொன்னார்களாம். தோற்றம் எளிமையாக வேண்டும் என்று பலர் கேட்டார்களாம். பெரும்பாலோர் விருப்பப்படி நடந்துகொண்டார்களாம். போதாக்குறைக்கு, தங்களுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பேன் என்று என்னையே கேட்டிருந்தார்கள்!

மற்றவர்கள் எழுதியிருந்த அபிப்பிராயங்களையும் தேடிப் படித்தேன். ஒருவருக்கு வர்ணங்கள் வேண்டும். ஒருவருக்கு, வேலை முடிந்ததும் திரையில் ஒரு மரம் வளரவேண்டும். இன்னொருவர் நாளுக்கு நாள் மதிப்பெண் கேட்கிறார். "மணியை எடுத்துத் தொலையுங்கள்" என்று எழுதியிருந்தவரை மட்டும் நான் மறக்க முடியாது. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் அவர் வேலை செய்கிறார். மணி அடிக்கும்போதெல்லாம் ஏழு தலைகள் திரும்புகின்றன. அவர் பட்ட அவமானம் நிஜம். அவர் சொன்ன பரிகாரம்தான் என் வீட்டைக் கெடுத்தது.

இங்கேதான் என் வழக்கு இருக்கிறது. உபயோகிக்கிறவனுடைய அபிப்பிராயம் ஒரு சாட்சியம். அதை ஓட்டாக எண்ணுகிறவன் மோசம் போவான். எனக்கு நேர்ந்தது என்ன என்பதில் என்னைவிட நல்ல சாட்சி கிடையாது. அதற்கு என்ன செய்யலாம் என்பதிலோ நான் வெறும் அரைகுறை வைத்தியன். வயிற்றை வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் டாக்டர் நம்பவேண்டும். வயிற்றையே எடுத்துவிடுங்கள் என்றால் எடுத்துவிடுவாரா? எட்டுப் பேர் அறைக்காரரின் கதையையும் என் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் வழி தானே தெரிந்திருக்கும். வேண்டாதவர் மணியை நிறுத்திக்கொள்ளட்டும். அப்போது முழு ஜன்னலும் நிறம் மாறி, அவர் கை வைக்கிறவரை அப்படியே நிற்கட்டும். இரண்டு பேருக்கும் நியாயம் கிடைத்திருக்கும். கதைகளைப் படிக்காமல் தலைகளை எண்ணினார்கள்.

நன்றாகக் கேட்டவர்களும் உண்டு. 1990களில் அமெரிக்காவில் ஜான் ராஜர்ஸ் என்ற பெண்மணியை அவருடைய சிறு மகள், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மணி பார்க்கத் தெரியாத குழந்தை. மிச்சமுள்ள நேரத்தைச் சிவப்பு வட்டமாகக் காட்டி, நேரம் போகப் போக அந்தச் சிவப்பும் சுருங்கி மறையும்படி தாயார் ஒரு கடிகாரம் செய்தார். 'டைம் டைமர்' என்ற பெயரில் இன்றும் விற்கிறது. குழந்தை சிவப்பு வட்டம் கேட்கவில்லை. தன் தவிப்பைச் சொன்னாள். தாய் தவிப்பைக் கேட்டாள்; வட்டம் பிறந்தது.

எளிமை என்ற வார்த்தையைச் சொல்லி என்னை அடக்கப் பார்க்கிறார்கள். ஐயா, டைமர் என்பது மூன்றே மூன்று சங்கதிகளைச் சொல்லவேண்டியது: ஓடுகிறேன், இவ்வளவு பாக்கி, முடிந்தது. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980களின் இறுதியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்துப் படிக்கத் தொடங்கினார். இருபத்தைந்து நிமிஷ வேலைமுறையாக அது உலகெங்கும் பரவிற்று. அந்தத் தக்காளி 'டிக் டிக்' என்று ஓடுவதைச் சொன்னது, முகத்தைப் பார்த்தால் பாக்கி தெரிந்தது, முடிந்ததும் கத்திற்று. நம்முடைய நாழிகையும் 24 நிமிஷம்தான். முல்லைப்பாட்டில் வருகிற நாழிகைக் கணக்கர்கள் நீர்க் கடிகாரத்தைப் பார்த்து அரசனிடம் வந்து வாய்விட்டுப் பொழுதைச் சொன்னார்கள். பாசறை மூலையில் எட்டிப்பார்த்துவிட்டு ஐந்து விநாடியில் ஓடியிருந்தால் அந்த உத்தியோகம் நிலைத்திருக்குமா? மூன்றில் முக்கியமானதை எடுத்துவிட்டு எளிமை என்பது, கதவை அகற்றிவிட்டு வாசல் விசாலமாயிற்று என்பது போல.

அந்தச் சாம்பல் எண்களும் அப்படியே. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1, பெரிய எழுத்தானால் 3க்கு 1 குறையாமல் இருக்கவேண்டும் என்று வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் 2008லேயே சொல்லிவிட்டது. அது வலைப்பக்கங்களுக்குச் சொன்னது என்று வாதாடலாம். பார்க்கிற கண் ஒன்றுதானே?

"இலவசமாகக் கொடுத்ததில் குற்றம் பார்க்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். தண்ணீர்ப் பந்தலும் இலவசம்தான். அதற்காக ஓட்டை டம்ளரில் ஊற்றலாமா? ஞாபகத்தை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். அவன் நம்மிடம் சொல்லாமல் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டால் அதற்கு நம்பிக்கைத் துரோகம் என்று பெயர்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கமாட்டேன். நாம் என்ன எழுதி அனுப்புகிறோம்? ஐந்து நட்சத்திரம், அல்லது ஒரு நட்சத்திரமும் நாலு வசவும். "திருப்பிக் கொடு" என்று எழுதினேனே, அதில் அம்மா எங்கே? சொட்டு மருந்து எங்கே? கதை எழுதிப் பிழைக்கிற நானே கதையைச் சொல்லாமல் கட்டளை போட்டிருக்கிறேன்!

ஆகவே மறுபடி எழுதினேன். இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை. இன்ன நாள், இன்ன வேளை, பக்கத்து அறையில் ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள் என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அவர்களுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று: நட்சத்திரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில், "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். வருகிறதை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கட்டும்.

அம்மாவுக்குப் பாத்திரக் கடையில் திருகுகிற கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மருந்துக் காலம் முடிகிறவரை அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தார்கள். மணி அடித்ததும், அடுத்த அறையிலிருந்து நான் எழுந்திருப்பதற்குள், "அடிச்சுட்டுதுடா!" என்று அவர்களே குரல் கொடுப்பார்கள். காதில் ஒரு கோளாறும் இல்லை.