பதிந்த வட்டு ஓடவில்லையா?



டிவிடி ரெக்கார்டரில் பதிந்த திருமண வட்டு உங்கள் வீட்டில் ஓடுகிறது. உறவினர் வீட்டு பிளேயரில் ஓட மறுக்கிறது. வட்டு கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பதிவு நிறைவு செய்யப்படாததே காரணம்.

பதிவு முடிந்ததும் ரெக்கார்டரின் மெனுவில் 'ஃபைனலைஸ்' என்னும் கட்டளையைத் தரவேண்டும். அப்போதுதான் வட்டின் உள்ளடக்க அட்டவணை பிற கருவிகளும் படிக்கத்தக்க வடிவில் எழுதப்படுகிறது. அவ்வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் வட்டே பயனற்றுப் போகலாம்; கவனம் தேவை.

ரெக்கார்டரே பழுதோ என்ற ஐயம் எழுந்தால், கடையில் வாங்கிய திரைப்பட வட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது வளைகுடாவிலிருந்து வந்ததாயின் மண்டல எண்ணைக் கவனியுங்கள். அங்கு 2, இந்தியாவில் 5. நம் நாட்டு வட்டும் ஓடாவிடில் லென்சில் தூசி படிந்திருக்கலாம். அது ஓடி, பதிந்த வட்டுகள் மட்டும் ஓடாவிடில் லேசர் வலுவிழந்திருக்கலாம். ஏனெனில் பதிந்த வட்டுகள், குறிப்பாக அழித்தெழுதும் ஆர்டபிள்யூ வகை, ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அழுக்கடைந்த வட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், சுழற்றித் துடைக்கலாகாது.

ஒன்றை மறவாதீர்கள். நிறைவு செய்யாத வட்டைப் பெரும்பாலும் அதைப் பதிந்த கருவியே படிக்கும். அத்தகைய கருவிகளோ இன்று கடைகளில் அரிதாகிவிட்டன. ஆகவே, உங்களுடையது இயங்கும்போதே எல்லா வட்டுகளையும் நிறைவு செய்து, கணினியில் படியெடுத்து வையுங்கள். மறைந்த பெற்றோரின் முகமும் குரலும் ஒரு பழைய கருவியின் ஆயுளை நம்பியிருக்கலாகாது.