யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

1856ம் வருஷம் ஜூலை 1ந் தேதி நமது இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் புறப்பட்டது. தென்னிந்தியாவில் ஜனங்கள் ஏறிச் சென்ற முதல் ரயில் அதுவே. நாட்கணக்கான வண்டிப் பாதை அன்றைக்குச் சில மணி நேரமாகச் சுருங்கிற்று. இவ்விதம் ஒருமுறை சுருங்கிய வழி மறுபடி நீளுவதும் உண்டோ என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு, சென்னை யாழ்ப்பாண மார்க்கமே அதற்குச் சாட்சி.

மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 355 கிலோமீட்டர். மதுரைகூட இதைவிடத் தூரம். 1947 டிசம்பர் 10ந் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னை வந்து சேர்ந்தது. இலங்கை சுதந்திரம் பெறுமுன்பே இந்த வழி திறந்திருந்ததென்பதைக் கவனிக்க வேண்டும்.

1983ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பலாலி ராணுவ அரணாயிற்று. அதன்பின் யாழ்ப்பாணம் செல்லும் சென்னைவாசி கொழும்புக்குச் சுமார் 650 கிலோமீட்டர் பறந்து, அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தரை வழியாக வடக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கடல் அகலவில்லை, பிரயாணம் மட்டும் மும்மடங்காயிற்று. யுத்தம் 2009ல் ஓய்ந்தும், நேர் விமானத்துக்கு 2019 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. 2020 மார்ச்சில் கொள்ளை நோயால் அதுவும் நின்றது. 2022 மார்ச் 27ல் இந்தியா சர்வதேச விமானப் போக்குவரத்தை வழக்கம்போல் அனுமதித்த பிறகும், யாழ்ப்பாண விமானம் டிசம்பர் 12ந் தேதிதான் மீண்டும் பறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ கம்பெனியும் இம்மார்க்கத்தில் இறங்கியது.

பிரயாண நேரம் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை. இருமடங்கு தூரமுள்ள கொழும்புக்கும் ஏறக்குறைய இதே நேரந்தான். பலாலியின் ஓடுபாதை குறுகியது. எழுபது எண்பது பேர் அமரும் சுழல்விசிறி விமானமே அங்கே இறங்குகிறது. ஆகவே பாதையை நீட்ட வேண்டுமென்கிறார்கள். நியாயந்தான். ஆனால் ஓடுபாதையைச் சுற்றியுள்ள நிலம் யாருடையது? 1990ல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட குடியானவர்களில் பலருடைய வீடும் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. பின்னர் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. பிரயாணிக்குக் கால்மணி நேரம் மிச்சமாவதற்காக, முப்பது வருஷம் காத்திருந்தவனுடைய நிலத்தை மறுபடி கேட்பதானால், அவனுடைய சம்மதமும் தக்க நஷ்டஈடும் முன்னதாகக் கிடைத்தாக வேண்டும். சட்டமும் தர்மமும் இதில் ஒன்றே.

விமானக் கட்டணம் கொடுக்க இயலாதவருக்குக் கப்பல் இருக்கிறதே என்பர். நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14ல் ஆர்ப்பாட்டமாகத் துவங்கி, சில தினங்களில் நின்று, 2024 ஆகஸ்டில்தான் திரும்பவும் ஓடியது. இத்தகைய ஏற்பாட்டை நம்பி எந்த வியாபாரி சரக்குப் பிடிப்பான்? எந்தத் தகப்பன் கல்யாணத்துக்கு நாள் குறிப்பான்?

வேகமான விமானத்தைக் காட்டிலும் நிற்காத விமானமே முதலில் வேண்டும். வழியைத் திறந்து வைப்பதோடு கடமை தீர்ந்ததென்று டில்லியும் கொழும்பும் எண்ணலாகாது. லாப நஷ்டம் எவ்வாறாயினும் இத்தனை வருஷம் ஓடியே தீருமென்று இரு சர்க்கார்களும் உடன்படிக்கை செய்துகொள்ளட்டும். அன்றுதான் யாழ்ப்பாணம் உண்மையில் 355 கிலோமீட்டராகும்.