கண்ணாடி வீடும் கேர்ட்டன் வாழ்க்கையும்



எங்கள் ஊரில் இப்போது எழும்புகிற வீடுகளைப் பாருங்கள். முன்பக்கம் ஆளுயரக் கண்ணாடி யன்னல். கதவைத் திறந்தால் ஹோல், சாப்பாட்டு மேசை, குசினி எல்லாம் ஒரே பார்வையில். பிளானில் பார்க்க அழகுதான். குடிபுகுந்து ஒரு மாதத்தில் அந்தக் கண்ணாடிக்குத் தடித்த கேர்ட்டன் விழும். அதற்குப் பிறகு அது திறபடுவதில்லை. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஃபேனையும் சுழல விட்டுக்கொண்டு, மாதக் கடைசியில் கரண்ட் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். வெளிச்சத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய கண்ணாடியை, இன்னும் காசு கொடுத்து மூடுகிறோம்.

சாதாரண தரம் எழுதப்போகும் பெண்பிள்ளைகளிடம், வீட்டில் எங்கே இருந்து படிக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தோம். "ஹோலில்தான் மேசை. ஆட்கள் வந்தால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுவோம்" என்றார்கள். இலட்சக்கணக்கில் கடன்பட்டுக் கட்டிய வீட்டில், பிள்ளைக்கு நிம்மதியாக இருக்க ஒரு மூலை இல்லை.

எங்கள் உம்மம்மாமாரின் வளவு வேறு மாதிரி. ரோட்டுப் பக்கம் கிடுகு வேலி. வருகிற ஆண்கள் இருந்து பேச முன் விறாந்தை. பின்னால் குசினி, கிணற்றடி, மரநிழல். அங்கே பெண்கள் தலையில் முந்தானையைத் தேடாமல் காற்று வாங்கினார்கள். பக்கத்து வளவுக்குப் போக வேலியில் ஒரு சின்ன வழியும் இருந்தது. இன்று அந்த இடத்தில் எட்டடி மதில். மதிலின் மேல் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்கும் கெமரா!

பழைய வளவு திரும்பி வராது என்பது எங்களுக்கும் தெரியும். பெண்மக்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொடுத்து, ஆறு ஏழு பேர்ச்சில்தான் இப்போது வீடு. ஆனால் நெருக்கடியான காணியிலும் வழி உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு வெளியே மதிலால் மூடியது, உள்ளே நடுமுற்றத்தால் வானத்துக்குத் திறந்தது. பிற்காலத்தில் அதைக் கழற்றி லுனுகங்கையில் மீண்டும் நிறுவும் அளவுக்கு மதித்தார்கள். நாங்கள் செய்வது அதற்கு நேர்மாறு. ரோட்டுக்குத் திறக்கிறோம், வானத்துக்கு மூடுகிறோம்.

மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையச் சொல்லும் அதே சூறா அந்நூர், பஜ்ருக்கு முன், நண்பகல், இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களில் சொந்த வீட்டுச் சிறுபிள்ளைகளும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. மறைவு என்பது வெளியாருக்கு எதிராக மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை.

பெரிய செலவு தேவையில்லை. வாசலுக்கு நேரே உள்வீடு தெரியாமல் ஒரு அரைச் சுவர். எதிர்வீட்டு யன்னலுக்கு நேரே வராமல் சற்றுத் தள்ளி எங்கள் யன்னல். ரோட்டுப் பக்கம் காற்றுக்கல். நடுவிலோ பின்னாலோ எட்டடிக்கு எட்டடி ஒரு முற்றம். அந்த முற்றத்தைப் பார்க்கப் பெரிய கண்ணாடியை வையுங்கள், கேர்ட்டனே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணின் பெயரில்தான் எழுதப்படுகிறது. பிளான் மட்டும் வாப்பாவும் மாப்பிள்ளையும் மேசனும் பேசி முடிவாகிறது. நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போகிறவளிடம், அத்திவாரம் வெட்ட முதல் ஒரு தடவை கேளுங்கள்.