டைல்ஸுக்குப் பின்னாடி பாருங்க மக்களே!

வீட்டுல பாத்ரூம் வேலை ஆரம்பிச்சா, "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, வந்து டைல்ஸ் செலக்ட் பண்ணு"ன்னு உங்களையும் ஒருநாள் கூப்பிடுவாங்க. என்னைப் போன வருஷம் கூப்பிட்டாங்க. பளபளன்னு கறுப்பு டைல்ஸைக் கை காட்டினேன். பட்ஜெட் தாண்டிருச்சு. வாட்டர் ப்ரூஃபிங்கை விட்டுட்டோம்.

ஆறு மாசத்துல, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாட்டி ரூம்ல ஓதம் ஏறி பெயிண்ட் உதிர ஆரம்பிச்சது. பாட்டிக்கு ஏற்கெனவே வீசிங். கட்டில் இப்போ ஹால்ல கிடக்கு. கறுப்பு டைல்ஸும் போர் தண்ணி உப்புப் பூத்து வெள்ளையாயிருச்சு, அது தனிக் கதை.

டைல்ஸ் தண்ணியைத் தடுக்கும்னு நினைக்கிறோமே, அங்கதான் தப்பு. மேல இருக்கிற கிளேஸ் தடுக்கும். ஆனா இடுக்குல அடைக்கிற சிமெண்ட் கிரவுட் தண்ணியை உறிஞ்சும். அதனால பூச்சு மேல ரெண்டு கோட் வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சு, காய்ஞ்ச பிறகுதான் டைல்ஸ் ஒட்டணும். ஷவர் மூலையில மட்டுமாவது எபாக்ஸி கிரவுட் கேளுங்க.

காசுக்கு எங்க போறது? கணக்குப் போடுங்க. 5க்கு 7 அடி பாத்ரூம், கதவு போக சுற்றளவு 21.5 அடி. எல்லாச் சுவரிலும் 7 அடி உயரம் ஒட்டினா சுமார் 150 சதுர அடி. ஷவர் பக்கம் 7 அடி நீளத்துக்கு மட்டும் முழு உயரம், மீதிக்கு 4 அடி போதும்னு வெச்சா 107தான். மிச்சமாகிற 43 சதுர அடி டைல்ஸ், ஒட்டுற கூலி ரெண்டையும் வாட்டர் ப்ரூஃபிங்குக்குத் திருப்பலாம்.

இன்னொண்ணு. கடைக்காரர் "சுவருக்கும் விட்ரிஃபைட் போடுங்க, ஸ்ட்ராங்"னு சொல்லுவார். சுவர்ல யாரும் நடக்கப் போறதில்லையே! சாதா செராமிக் போதும். அது 10 சதவீதத்துக்கு மேல தண்ணி உறிஞ்சும். ஊற வெச்சு ஒட்டினா சிமெண்ட்டை நல்லாப் பிடிச்சுக்கும். விட்ரிஃபைட் 0.5 சதவீதம்கூட உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் பால்ல ஒட்டினா கழண்டு வரும். அதுக்குத் தனியா அட்ஹெசிவ் வாங்கணும், இன்னொரு செலவு. நிறம் வெளிர் சாம்பலோ கிரீமோ எடுங்க, உப்புக்கறை தெரியாது.

இந்த செமஸ்டர் லீவுல எங்க வீட்டு டைல்ஸை உடைக்கிறோம். கலரைத் தானே சொல்றேன்னு பாட்டி சொல்லிட்டாங்க. நான் வாயைத் திறக்கலை.