சிறு கிள்ளுத்தானா?

கருப்பையினுள் 'லூப்' வைக்கும்போது உண்டாகும் வலியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது நாகரிகமாகுமோ என்று முகஞ்சுளிப்போர் சிலர் இருப்பர். சுளிக்கட்டும். நாவடக்கம் என்ற பெயரால் இவ்விடயத்தை மூடி வைத்ததன் பயனை அநுபவித்தவர்கள் பெண்களேயன்றி அவர்களல்லர்.

அங்கே நடப்பது யாது? கருப்பைக் கழுத்தை இடுக்கியாற் பற்றி இழுப்பர். கோல் செலுத்தி உள்ளாழம் அளப்பர். அதன் பின்னரே சாதனத்தை உட்செலுத்துவர். சிலருக்கு இது பொறுக்கத்தக்க வலியே. வேறு சிலருக்கோ, சிறப்பாகப் பிள்ளை பெறாதோருக்கு, கொடிய வேதனை, மயங்குவோரும் உளர். இதனைத்தான் "சிறு கிள்ளுப்போல இருக்கும்" என்று மேனாட்டு வைத்தியர் பலர் கூறி வந்தனர்! பெண் பட்ட வலியை வைத்தியர் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என ஆய்வுகளும் காட்டியுள்ளன. பல்லொன்று பிடுங்கப் போனால் விறைப்பூசி கேளாமலே கிடைக்கிறது. கருப்பைக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

டாக்டர் ஜாக் லிப்பீஸ் தமது 'லூப்'பை 1962இல் அமெரிக்காவில் அறிமுகஞ் செய்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2024 ஆகஸ்டிலேதான் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், வலி பற்றி ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னதாகவே எடுத்துரைக்க வேண்டுமென்றும், லிடொக்கெயின் என்னும் விறைப்பு மருந்து, ஊசியாகவோ பூச்சாகவோ, பயன்படலாமென்றும் விதந்துரைத்தது. மிசோப்ரொஸ்டோல் மாத்திரையை வழமையாகக் கொடுப்பதை அது ஏற்கவில்லை. 2025 மேயில் அந்நாட்டு மகப்பேற்று வைத்தியர் கல்லூரியும் விறைப்பு மருந்தின் பக்கமே நின்றது.

விறைப்பூசியும் குத்தத்தான் செய்யும். சில நிமிடங்கள் காத்திருக்கவும் வேண்டும். முன்னதாக விழுங்கும் இபுப்ரொஃபென் வைக்கும் வேளையின் வலியைத் தணிப்பதில்லை. பின்னர் வரும் வயிற்றுப் பிடிப்புக்கே உதவும். இவற்றையெல்லாம் அறிந்து தெரிவு செய்ய வேண்டியவள் அப்பெண்.

வலியைச் சொன்னாற் பயந்து ஒருவரும் வரார் என்பர் சிலர். செம்பு 'லூப்' ஒருமுறை வைத்தாற் பத்தாண்டுகள் காக்கும் நல்ல சாதனம். அதற்குப் பொய் முட்டு வேண்டியதில்லை. ஏமாற்றப்பட்டவளோ தானும் திரும்பி வராள். அயலவளையும் வர விடாள்.

நமது நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளிலும் 'லூப்' வைக்கப்படுகிறது. ஆகவே இது அமெரிக்கப் பெண்களின் வழக்கு மட்டுமன்று. நம் வீட்டுப் பெண்களும் மேசையில் ஏறுமுன் மூன்றைக் கேட்கட்டும்: எவ்வளவு வலிக்கும்? விறைப்பு மருந்து உண்டா? "போதும்" என்று நான் சொன்னால் உங்கள் கை நிற்குமா?