கனத்த காவலா, கவனமான காவலா?

வீடு என்று இருந்தால் கதவு வேண்டும். கதவு என்று இருந்தால் தாழ்ப்பாள் வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்க்காத தாய் நம்மிடையே உண்டோ? ஆனால் அதே வீட்டுக் கூடத்தில் மேசைமீது வீற்றிருக்கும் கணினிக்கும் வாசல்கள் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, 65,535 வரை எண்ணிடப்பட்ட வாசல்கள்! அவற்றுக்குப் ‘போர்ட்’ என்று பெயர். கோப்புகளைப் பகிர்ந்து கொள்ள விண்டோஸ் கணினி 445-ஆம் வாசலில் காத்திருக்கும். இப்படி ஒவ்வொரு பணிக்கும் ஒரு வாசல் உண்டு. இணையத்தில் இணைந்த மறுகணமே, உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்து யாரோ வந்து இவ்வாசல்களைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இவ்வாசல்களைக் காக்கும் மென்பொருளே ஃபயர்வால். ‘தீயரண்’ என்று அதற்கு அழகிய தமிழ்ப் பெயரும் உண்டு. ஒரு கட்டடத்தில் பற்றிய தீ அடுத்த கட்டடத்திற்குப் பரவாதபடி இடையில் எழுப்பும் தடித்த சுவருக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரை, 1980-களில் கணினித் துறையினர் கடன் வாங்கிக் கொண்டனர். பெயரிலேயே சுவர் இருப்பதனால், தடிமன் கூடக் கூடக் காவலும் கூடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய பெரிய மென்பொருளை நிறுவினால்தான் பெற்றோருக்கு நிம்மதி. அந்நம்பிக்கையை நாங்கள் ஏற்கவில்லை. வீட்டுக் கணினிக்கு ஏற்றது இலேசான தீயரணே. அதுவும் பெரும்பாலும் கணினியிலேயே ஏற்கெனவே இருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

தீயரணின் வேலைதான் என்ன? நம் கன்னியர் மடத்து வாயிலை நினைத்துப் பாருங்கள். அங்கே அமர்ந்திருக்கும் சகோதரி, உள்ளே இருப்பவர்களைக் கேள்வி கேட்டுத் துளைப்பதில்லை. உள்ளிருந்து எழுதிய கடிதத்திற்குப் பதில் வந்தால் வாங்கி உரியவரிடம் கொடுக்கிறார். யாரும் அழைக்காத அந்நியர் வந்தால் வாசலிலேயே நிறுத்துகிறார். நல்ல தீயரணும் இவ்வளவுதான் செய்கிறது. நாம் ஓர் இணையப் பக்கத்தைக் கேட்டால், அதற்கான மறுமொழியை உள்ளே விடுகிறது. கேளாமல் வருவதைத் தடுத்துவிடுகிறது. இதற்கு ஒரு சகோதரியும் ஒரு மணியும் போதும். பத்துக் காவலரை நிறுத்தினால் மடத்தில் நடமாட இடமிருக்குமா?

வரலாறு சொல்லும் பாடத்தையும் சற்றே பார்ப்போம். 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ‘பிளாஸ்டர்’ என்னும் புழு உலகெங்கும் பரவியது. எந்த மின்னஞ்சலையும் யாரும் திறக்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. இணையத்தில் இணைந்திருந்ததே போதுமானதாயிற்று. 135-ஆம் வாசல் வழியே நுழைந்த அப்புழு, கணினிகளைத் தானாகவே அணைந்து எழச் செய்தது. இதில் வேதனை என்னவென்றால், 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி-யில் தீயரண் அப்போதே இருந்தது. ஆனால் இயக்கப்படாமல் இருந்தது. தாழ்ப்பாள் இருந்தும் போடாத வீட்டின் கதைதான் அது. அடுத்த ஆண்டு, 2004 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பில்தான் அதைத் தானாகவே இயங்கும்படி வைத்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி இன்னும் சிந்திக்கத்தக்கது. 2004 மார்ச்சில் ‘விட்டி’ என்றொரு புழு வந்தது. அது தாக்கியது யாரை? ‘பிளாக்ஐஸ்’ முதலிய காவல் மென்பொருள்களை விலை கொடுத்து வாங்கி நிறுவியிருந்தவர்களை! அந்த மென்பொருளிலேயே இருந்த ஓட்டை வழியாக நுழைந்து, சுமார் 12,000 கணினிகளில் சேமித்து வைத்திருந்தவற்றை அழிக்கத் தொடங்கியது. காவலனை நம்பியவர்கள் காவலனாலேயே கெட்டார்கள். கணினியில் நாம் சேர்க்கும் ஒவ்வொரு மென்பொருளும் இன்னொரு சன்னலைப் போன்றது. காவலுக்கென்று சேர்ப்பதற்கும் இவ்விதி பொருந்தும். எனவேதான், தேவைக்கு மேற்பட்ட காவலும் ஆபத்தே என்கிறோம்.

அப்படியானால் நல்ல தீயரணை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

முதலாவதாக, நாம் ஒன்றும் சொல்லாமலேயே வெளியாருக்குக் கதவை அடைத்து வைப்பதாக இருக்க வேண்டும். விண்டோஸில் உள்ள தீயரண் இதைச் செய்கிறது. ஆப்பிள் கணினியிலும் உபுண்டு லினக்ஸிலும் தீயரண் உண்டு. ஆனால் அது இயங்குகிறதா என்று பார்த்து நாமே இயக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, அது கணினிக்குப் பாரமாகக் கூடாது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காமார் பெற்ற கணினியைத் தங்கைமார் இன்னும் வைத்துக் கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அத்தகைய பழைய கணினியில் பெரிய பாதுகாப்புத் தொகுப்பை ஏற்றினால் அது மாட்டுவண்டி போல ஊர்ந்து செல்லும். பொறுமை இழந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? காவலையே அணைத்துவிடுவார்கள். அணைத்து வைத்த பெரிய காவலைவிட, விழித்திருக்கும் சிறிய காவல் மேலன்றோ? மேலும், ஒரே கணினியில் இரண்டு தீயரண்களை ஒருசேர இயக்கக் கூடாது. ஒன்று விட்டதை மற்றொன்று தடுக்கும். பழுது எங்கே என்று தெரியாமல் திகைக்க நேரும்.

மூன்றாவதாக, அது ஓயாமல் கேள்வி கேட்பதாக இருக்கக் கூடாது. இதை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம். சில தீயரண்கள் நிமிடத்திற்கொரு முறை ‘அனுமதிக்கலாமா?’ என்று திரையில் தோன்றி நிற்கும். முதல் நாள் படித்துப் பார்ப்போம். மூன்றாம் நாள் படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்துவோம். எதற்கும் ‘ஆம்’ சொல்லப் பழகிய கை, உண்மையான ஆபத்து வரும்போதும் ‘ஆம்’ என்றே சொல்லும். அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை நம்மை விழிக்க வைப்பதில்லை; உறங்க வைக்கிறது. விண்டோஸ் தீயரண், புதிய நிரல் ஒன்று வெளியாரை உள்ளே விட விரும்பும்போது மட்டுமே நம்மைக் கேட்கும். அப்போது அந்நிரல் என்னவென்று தெரியாவிட்டால் ‘கேன்சல்’ என்பதை அழுத்துவதே அறிவுடைமை.

நான்காவதாக, அதை உருவாக்கியவர்கள் தொடர்ந்து பேணி வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இலேசான தீயரண் என்று பெயர் பெற்றிருந்த ‘சைகேட்’, 2005-இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி அத்துடன் நிறுத்தப்பட்டது. பழைய பெருமைக்காக அத்தகையவற்றைத் தேடி நிறுவுவது, இற்றுப்போன கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவது போலாகும்.

கணினியிலிருந்து எந்தெந்த நிரல் வெளியே பேசுகிறது என்பதையும் கட்டுப்படுத்த விரும்புகிறவர்கள் ‘டைனிவால்’ போன்ற சிறிய இலவச மென்பொருளை நாடலாம். அது விண்டோஸின் சொந்தக் காவலோடு சேர்ந்தே வேலை செய்கிறது. கேள்வி கேட்டுத் தொல்லை தருவதுமில்லை. மற்றவர்களுக்கு உள்ளதே போதும். இரயில் நிலையத்திலோ கடையிலோ உள்ள வைஃபையில் இணையும்போது ‘பப்ளிக்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், காவல் இன்னும் இறுகும். வீட்டுப் பிராட்பேண்டுப் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுவதும் நன்று.

இனி, பெற்றோரிடம் பணிவுடன் ஒரு வார்த்தை. ‘முழுப் பாதுகாப்பு’ என்ற பெயரில் விற்கப்படும் சில தொகுப்புகள், பெண் எந்தப் பக்கத்தைத் திறந்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று கணக்கெடுத்துக் கொடுக்கின்றன. ‘இதல்லவோ காவல்!’ என்று எண்ணத் தோன்றும். ஆனால் மதிற்சுவர் வேறு, சாவித்துவாரம் வேறு. சுவர் அந்நியரை வெளியே நிறுத்துகிறது. சாவித்துவாரம் வீட்டாரை வேவு பார்க்கிறது. சிறு குழந்தைகளுக்குத் துணை வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அத்துணை, மகளுக்குத் தெரிந்து, அவளோடு பேசி அமைத்ததாக இருக்கட்டும். தவறான செய்தி ஒன்று வந்தால், ‘அம்மா, இதைப் பாருங்கள்’ என்று அச்சமின்றி ஓடி வரும் மகளே வீட்டின் சிறந்த காவல். வேவு பார்க்கப்படுகிறோம் என்று அறிந்த மகள் ஓடி வருவாளா, ஒளித்து வைப்பாளா?

தோழியரே, நமக்கும் ஒரு வார்த்தை. ‘கணினி விசயமெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும், அண்ணன் வரட்டும்’ என்னும் பேச்சை இனி விட்டுவிடுவோம். தீயரண் இயங்குகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்பதைத் திறந்து, தீயரணுக்குரிய பகுதியில் ‘ஆன்’ என்று இருக்கிறதா எனப் பார்ப்பது கோலம் போடுவதைவிடக் கடினமன்று.

தீயரண் காக்காதவையும் உண்டு. அச்சுக் கடைக்குக் கொண்டு போய்வந்த பென் டிரைவில் ஏறிவந்த வைரசை அது அறியாது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவனுக்கு நாமே எண்ணைச் சொல்லிவிட்டால், அது தடுக்காது. நாமே திறந்துவிடும் கதவுக்கு எந்தச் சுவரும் பொறுப்பாகாது. அப்படி யாரேனும் பணத்தை இழக்க நேர்ந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோரும் மனத்தில் பதித்துக் கொள்ளட்டும்.

நற்செய்தியில் பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐவரிடமே மிகுதி எண்ணெய் இருந்தது. கணினிக்குத் தீயரண் விளக்கு என்றால், அவ்வப்போது வரும் திருத்தங்களே எண்ணெய். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் புழு, 445-ஆம் வாசல் வழியே புகுந்து பிரிட்டன் நாட்டு மருத்துவமனைகளைக்கூட நிலைகுலைய வைத்தது. அதற்கான திருத்தமோ அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது! விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். புதிய விண்டோஸை ஏற்க முடியாத பழைய கணினிக்கு, உபுண்டு போன்ற இலவச லினக்ஸை நிறுவி, அதிலுள்ள தீயரணை இயக்கிக் கொள்வது நல்ல வழி.

ஆகவே, கனத்த காவலை விலைக்கு வாங்கி உறங்குவதைவிட, இலேசான காவலை இயக்கிவிட்டு நாமும் விழித்திருப்போம். மதில் சிறிதாயினும் மனம் விழித்திருந்தால், வீடும் பிழைக்கும்; வீட்டுக் கணினியும் பிழைக்கும்!